மர்மப் புட்டியும் மறைந்த கணக்கும்

லண்டன் நகரத்தில் பஸ் ஓட்டிப் பிழைக்கும் நண்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் நம்மோடு பஞ்சாலைச் சங்கத்தில் இரவெல்லாம் நோட்டீஸ் ஒட்டியவர். பிறகு பிழைப்பு தேடிச் சீமைக்குப் போனவர். கடிதத்தோடு ஒரு விளம்பரத் தாளையும் ஒரு ரசீதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். "எங்களை யார் ஏமாற்றினார்கள், எந்த இடத்தில் ஏமாற்றினார்கள்? கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

விஷயம் இதுதான். 2025-ம் வருஷம் கோடைகாலத்தில் அவருடைய டிப்போவில் மூத்த டிரைவர் ஒருவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விருந்து வைக்க வேண்டுமென்று ஆறு தொழிலாளர்கள் கூடிப் பணம் போட்டார்கள். அந்த நாட்டில் விருந்து என்றால் மேஜைமேல் ஒயின் இருப்பது வழக்கம். மலிவாக எங்கே கிடைக்கும் என்று பார்த்தபோது ஒரு கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது.

ஒயினைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். குடி கெடுத்த குடும்பங்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். யாரையும் குடிக்கச் சொல்லி நாம் எழுத வரவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருப்பது ஒயினானாலும் சரி, வேஷ்டியானாலும் சரி, விலையில் காட்டுகிற வித்தை ஒன்றுதான். அதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் பாதகமில்லை.

விளம்பரம் சொன்னது என்ன?

பன்னிரண்டு புட்டி சிவப்பு ஒயின் ஒரே பெட்டியில். பல நாட்டுச் சரக்கு கலந்த பெட்டி. பழைய விலை 168 பவுண்டு என்று அச்சடித்து அதன் குறுக்கே சிவப்புக் கோடு. புது விலை 84 பவுண்டு. பாதிக்குப் பாதி தள்ளுபடி! பதினோரு புட்டிகளுக்குப் பெயர் இருந்தது. பன்னிரண்டாவது புட்டிக்குப் பெயரில்லை; கறுப்பு உருவமும் ஒரு கேள்விக்குறியும் மட்டுமே. "மர்மப் புட்டி - 25 பவுண்டு வரை பெறும்" என்று கீழே ஒரு வரி.

ஆறு பேருக்கும் அந்த மர்மப் புட்டியின் மேல்தான் கண். திருவிழாக் கடையில் அதிர்ஷ்டப் பொட்டலம் வாங்குகிற குழந்தைகளைப் போலப் பெட்டி வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெட்டி வந்தது. கொண்டுவந்து கொடுத்த கூலி 9 பவுண்டையும் சேர்த்து மொத்தம் 93 பவுண்டு. தலைக்குப் பதினைந்தரை பவுண்டு. கறுப்புத் தாளைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது, பட்டியலில் ஐந்தாவதாக இருந்த அதே ஸ்பெயின் கம்பெனியின் ஒயின். மேலே ஒட்டிய சீட்டு மட்டும் வேறு.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். விருந்தும் முடிந்தது. ஆனால் மூன்றாவது மாதம் இன்னொரு பெட்டி வாசலில் வந்து நின்றது. நம் நண்பரின் பாங்குக் கணக்கிலிருந்து பணமும் போய்விட்டது. அந்த வாரம் வீட்டு வாடகை கட்ட வைத்திருந்த பணம் அது. அப்போது சிரிப்பு வரவில்லை.

மர்மப் புட்டி எங்கிருந்து வருகிறது?

முதலில் வியாபாரிக்கும் நியாயம் செய்வோம். மர்மப் புட்டி என்றாலே பித்தலாட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒயின் வியாபாரத்தில் மிச்சச் சரக்கு எப்போதும் உண்டு. சென்ற வருஷத்து அறுவடையின் ஒயினில் சில பெட்டிகள் தங்கியிருக்கும்போதே புது வருஷத்துச் சரக்கு வந்து சேரும். கம்பெனி சீட்டின் படத்தை மாற்றிவிடும். பழைய சீட்டுள்ள புட்டி அலமாரியில் நிற்கும். இவற்றைத் தனியே விளம்பரம் செய்து விற்பதற்கு ஆகும் செலவு கட்டாது. கறுப்புத் தாளைச் சுற்றிக் கலவைப் பெட்டியில் போட்டுவிட்டால் கிடங்கு காலியாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழக்கமே உண்டு. விளைச்சல் அதிகமாகி ஒயின் தேங்கும்போது, பெயரெடுத்த கம்பெனி தன் பெயரை ஒட்டாமலே புட்டிகளை மலிவாக விற்றுவிடும். பெயரோடு மலிவாக விற்றால் நாளைக்கு அதே பெயருக்குப் பழைய விலை கேட்க முடியாது அல்லவா? அப்படிப்பட்ட புட்டியில் நல்ல ஒயின் கிடைத்தவர்களும் உண்டு.

ஆகவே மர்மப் புட்டி சிலருக்கு லாபம்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவனுக்கு மட்டும்தான் மர்மம். விற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். "25 பவுண்டு வரை" என்ற வாக்கியத்தில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். 6 பவுண்டுப் புட்டியை வைத்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

கோடு போட்ட விலை

உண்மையான மர்மம் பன்னிரண்டாவது புட்டியில் இல்லை. குறுக்கே கோடு போட்ட 168 பவுண்டில் இருக்கிறது. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

84 பவுண்டுக்குப் பன்னிரண்டு புட்டி என்றால் புட்டி 7 பவுண்டு. பிரிட்டனில் விற்பனை வரி நூற்றுக்கு 20. அது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 7 பவுண்டில் 1 பவுண்டு 17 பென்ஸ் அதற்குப் போகிறது. இதைத் தவிர மதுவின் மேல் தனித் தீர்வை உண்டு. 2023 ஆகஸ்டு முதல் மதுவின் வீரியத்தைப் பார்த்துத் தீர்வை போடுகிற முறை வந்தது. ஒயினுக்குக் கொடுத்திருந்த தற்காலிகச் சலுகையும் 2025 பிப்ரவரி 1-ந் தேதி நீங்கிவிட்டது. அன்று அமலுக்கு வந்த விகிதப்படி, நூற்றுக்கு 13 வீரியமுள்ள முக்கால் லிட்டர் புட்டிக்குத் தீர்வை 2 பவுண்டு 88 பென்ஸ்.

இரண்டும் சேர்ந்து 4 பவுண்டு 5 பென்ஸ். 7 பவுண்டில் மீதி 2 பவுண்டு 95 பென்ஸ். இந்த மீதியில்தான் கண்ணாடிப் புட்டி, அடைப்பான், சீட்டு, அட்டைப் பெட்டி, கப்பல் சத்தம், கிடங்கு வாடகை, விளம்பரச் செலவு, கம்பெனியின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இவையெல்லாம் போக எஞ்சுவதுதான் ஒயினின் விலை. அதிலும் ஒரு துண்டுதான் திராட்சை பறித்தவனின் கூலி.

இப்போது பழைய விலையைப் பாருங்கள். 168 பவுண்டு என்றால் புட்டி 14 பவுண்டு. விற்பனை வரி 2 பவுண்டு 33 பென்ஸ். தீர்வை அதே 2 பவுண்டு 88 பென்ஸ்தான். அது விலையைப் பார்ப்பதில்லை, வீரியத்தைத்தான் பார்க்கிறது. மீதி 8 பவுண்டு 79 பென்ஸ். அதாவது விலை இரண்டு மடங்கானால் மீதி ஏறக்குறைய மூன்று மடங்காகிறது!

பாதி விலைக்குத் தருகிறேன் என்று வியாபாரி சொல்லும்போது என்ன சொல்கிறான்? "8 பவுண்டு 79 பென்ஸ் வாங்க வேண்டிய இடத்தில் 2 பவுண்டு 95 பென்ஸ் வாங்கிக்கொண்டு போகிறேன்" என்கிறான். சர்க்கார் தன் தீர்வையில் ஒரு காசும் குறைப்பதில்லை. கப்பல்காரன் குறைப்பதில்லை. புட்டி செய்கிறவன் குறைப்பதில்லை. அப்படியானால் குறைத்தது யார்? வியாபாரி நஷ்டத்துக்கு விற்கிறானா? மாதா மாதம், வருஷா வருஷம் நஷ்டத்துக்கு விற்கிற வியாபாரியை உலகத்தில் எங்கேயாவது கண்டதுண்டா?

நம்பத்தக்க விடை ஒன்றுதான். பெரும்பாலான புட்டிகள் எந்தக் காலத்திலும் 14 பவுண்டுச் சரக்காக இருந்ததில்லை. அவை பிறந்ததே 7 பவுண்டுச் சரக்காகத்தான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபமா? அதற்கும் கதவடைக்கிற வழி இருக்கிறது. இப்படிப்பட்ட பெட்டிகளில் வருகிற ஒயின்களில் பல அந்தக் கம்பெனிக்கென்றே தனிப்பெயர் சூட்டி அடைக்கப்பட்டவை. வேறு கடையில் அந்தப் பெயர் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு விலையும் கிடையாது. கோடு போட்ட விலைக்குக் கம்பெனியே சாட்சி, கம்பெனியே நீதிபதி!

சட்டம் எங்கே நிற்கிறது?

பிரிட்டனில் சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 2024-ல் இயற்றிய நுகர்வோர் சட்டத்தின் முக்கியப் பகுதி 2025 ஏப்ரல் 6-ந் தேதி அமலுக்கு வந்தது. ஜனங்களை மயக்குகிற விலை விளம்பரங்களுக்காக, கம்பெனியின் உலக வரவில் நூற்றுக்கு 10 வரை அபராதம் போடும் அதிகாரம் போட்டி ஆணையத்துக்குக் கிடைத்திருக்கிறது. கட்டாயக் கட்டணங்களை ஒளித்து வைத்துக் கடைசியில் காட்டுவதையும் சட்டம் தடுக்கிறது.

ஆனால் நம் நண்பரை மடக்கியது வேறு பொறி. விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: முதல் பெட்டி வாங்குகிறவர், வேண்டாமென்று சொல்கிறவரையில் மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி பெறச் சம்மதிக்கிறார். தபாலிலும் கம்பியிலும் வாங்கும் சாமானை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையை 2013-ம் வருஷத்து விதிகள் கொடுத்திருக்கின்றன. தொடர்ந்து வரும் சப்ளைக்கு அந்த 14 நாள் எப்போது தொடங்குகிறது தெரியுமா? முதல் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து. இரண்டாவது பெட்டியோ மூன்றாவது மாதத்தில் வருகிறது. உரிமை தூங்கிப்போன பிறகு பில் வந்து கதவைத் தட்டுகிறது! இந்தச் சந்தாப் பொறிக்கு எதிரான விதிகளும் 2024-ம் வருஷத்துச் சட்டத்தில் எழுதப்பட்டவைதான். ஆனால் மற்றப் பகுதி அமலுக்கு வந்த அன்று அந்தப் பகுதி அமலுக்கு வரவில்லை.

தள்ளுபடியைக் கொடுப்பது யார்?

விலை குறையும்போது யாராவது ஒருவன் அதைச் சுமக்கத்தான் வேண்டும். அந்தக் கலவைப் பெட்டியில் தென்னாப்பிரிக்கச் சரக்கும் இரண்டு புட்டி இருந்தது. அந்நாட்டு ஒயின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் புட்டியில் போவதில்லை. 24,000 லிட்டர் பிடிக்கும் ராட்சசப் பைகளில் கப்பலேறிப் போய், வாங்குகிற நாட்டில் புட்டியில் அடைபடுகிறது. மலிவுக்கு இது ஒரு காரணம். இதில் தப்பில்லை, செலவு உண்மையிலேயே குறைகிறது.

இன்னொரு காரணம் கூலி. அந்த நாட்டின் திராட்சைத் தோட்டங்களில், கூலியின் ஒரு பகுதியாக ஒயினையே ஊற்றிக்கொடுக்கும் கொடுமை தலைமுறை தலைமுறையாக நடந்தது. சட்டம் தடுத்த பிறகும் பல பண்ணைகளில் அது நீடித்தது. 2012 நவம்பரில் டி டோர்ன்ஸ் என்ற ஊரில் திராட்சைத் தோட்டக் கூலிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அப்போது நாள் கூலிக்குச் சட்டம் வைத்த குறைந்த அளவு 69 ராண்டு. 150 வேண்டும் என்று கேட்டார்கள். போராட்டம் மேற்குக் கேப் மாகாணம் எங்கும் பரவியது. 2013 மார்ச்சிலிருந்து குறைந்த கூலி 105 ராண்டு என்று சர்க்கார் உயர்த்த வேண்டியதாயிற்று. கேட்டதில் முழுதும் கிடைக்கவில்லை; ஆனால் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் உயர்வு கிடைத்தது. அது தள்ளுபடி விலையில் கிடைத்ததல்ல!

ஆகவே லண்டன் டிரைவர் மலிவு என்று மகிழும்போது, கேப் மாகாணத்துக் கூலிக்காரன் அந்த மலிவைச் சுமக்கிறானா என்பதையும் கேட்டாக வேண்டும். இதற்காக நாம் டிரைவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வாரக் கூலிதான். கணக்கு இருவர் கண்ணிலிருந்தும் மறைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

வேறு வழி உண்டா? உண்டு. பிரிட்டனிலேயே 1874-ல் ஆரம்பித்த ஒரு கூட்டுறவு ஒயின் சங்கம் இன்றைக்கும் நடக்கிறது. லண்டன் கண்காட்சிக்கு வந்து விற்காமல் தங்கிய போர்த்துக்கீசிய ஒயின் பீப்பாய்களை விற்கப்போய்ப் பிறந்த சங்கம் அது. அங்கத்தினருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, வாங்குகிறவர்களே சொந்தக்காரர்கள். அங்கத்தினர்கள் சேர்ந்து கணக்குக் கேட்க முடியும் என்பதே அதன் பலம். ஆனாலும் வாங்குகிறவர்களின் கூட்டுறவு, பறிக்கிறவனின் கூலிக்குத் தானாகவே ஜவாப்தாரி ஆகிவிடாது. அதற்குப் பறிக்கிறவனின் சங்கம்தான் வேண்டும்.

நண்பருக்கு நாம் எழுதிய பதில்

கோடு போட்ட விலையைப் பார்க்காதீர்கள். கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தைப் புட்டியின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கொண்டுவரும் கூலியையும் சேர்த்தால் உங்கள் புட்டி 7 பவுண்டல்ல, 7 பவுண்டு 75 பென்ஸ். அந்த விலைக்குப் பக்கத்துக் கடையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பெயர் தெரிந்த புட்டிகளில் வேறு கடையிலும் விற்பவை எத்தனை என்று எண்ணுங்கள். மர்மப் புட்டியைச் சூன்யம் என்று வைத்து மற்றப் பதினொன்றுக்கு விலை கட்டுமா என்று பாருங்கள், கட்டினால் வாங்குங்கள். எறும்பு எழுத்தை முதலில் படியுங்கள். சந்தா இருந்தால், முதல் பெட்டி வந்த அன்றே வேண்டாமென்று எழுத்தில் அனுப்புங்கள்.

நண்பர் இரண்டாவது பெட்டியைப் பிரிக்கவில்லை. பல தடவை டெலிபோன் செய்து சண்டை போட்ட பிறகு கம்பெனி அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தையும் கொடுத்தது. அந்த மாத வாடகையை மற்ற ஐந்து பேரும் கைமாற்றுக் கொடுத்துச் சமாளித்தார்கள். பிறகு ஆறு பேரும் உட்கார்ந்து, விளம்பரத் தாளின் பக்கத்திலேயே மேற்படி கணக்கை எழுதி டிப்போவின் நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்களாம். ஒட்டியவர் நம் பழைய நோட்டீஸ்காரர்தான்!