இரட்டைச் சம்பளமும் ஏழாம் நாளும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரவாங் நகரின் குடியிருப்பு முனைகளில் நின்று பார்ப்போர் ஒரு காட்சியைக் காணலாம். தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும். சீருடை அணிந்த தந்தையர் அதில் ஏறிச் செல்வர். ஏழரை மணிக்குத் தாய் பேரங்காடி வேலைக்குப் புறப்படுவார். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு துணைப்பாட வகுப்புக்கு நடப்பர். ஒன்பது மணிக்குத் தேவாலயத்தில் ஆராதனை தொடங்கும் வேளையில் வீட்டில் எஞ்சியிருப்பவர் பாட்டி ஒருவரே. அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லவும் ஆளில்லை.

இதனை முன்னேற்றம் என்று பாராட்டுவோர் நம்மிடையே உண்டு. உழைப்பே உயர்வு தரும் என்று மேடைதோறும் முழங்கிவிட்டு, உழைப்புக்கு எல்லை வகுப்பவனைச் சோம்பேறி என்று ஏசுவதும் நமக்கு வழக்கமாகிவிட்டது. நான் அந்தப் பாராட்டில் கலந்துகொள்ள மறுக்கிறேன். பாட்டாளிக் குடும்பங்கள் அரும்பாடுபட்டுப் பெற்ற ஒரு நாளை நாம் கூறுகட்டி விற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரட்டுக் களத்தை அறிந்த தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுத்தாக வேண்டும். பெயர் கொடாதவனுக்கு அன்று சம்பளமில்லை. மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் ஓய்வு என்பது வானம் இட்ட தண்டனையாகவே வந்தது. வேலையற்ற நாள் என்றால் அடுப்பெரியாத நாள் என்ற அச்சம் அவர்கள் உள்ளத்தில் ஊறியது. அந்த அச்சத்தை நாம் இன்னும் உதறவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்கள் எழுந்தன. லயம் போய் மாடிவீடு வந்தது. பெரட்டு மட்டும் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. இன்று தண்டலின் குரல் தேவையில்லை. நாமே நம் பெயரைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

சட்டம் நமக்கு எதிரியன்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் முழுமையான ஒருநாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக வகுத்துள்ளது. இடையறாது நடந்தாக வேண்டிய முறைவேலையும் அவசர நிலைகளும் தவிர, ஓய்வுநாளில் வேலைக்கு வரும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. நாட்கூலி பெறுபவர் ஓய்வுநாளில் அரைநாளுக்கு மேல் உழைத்தால் இரண்டு நாள் கூலி தரப்பட வேண்டும். சட்டத்தை வகுத்தோர் இதனை முதலாளிக்கு ஒரு தடையாகவே வைத்தனர். விலை உயர்ந்தால் அந்த நாளை வாங்கத் தயங்குவான் என்று எண்ணினர். நடந்தது வேறு. வாங்குபவன் தயங்கவில்லை, விற்பவன் முந்திக்கொண்டான். ஞாயிறு வேலை கிடைக்கவில்லை என்று மேற்பார்வையாளரிடம் மன்றாடும் நிலைக்கு வந்துவிட்டோம்.

கிறித்துவத் தமிழர் வீடுகளில் பத்துக் கட்டளைகளைக் குழந்தைகள் மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் இருவேறு காரணங்களோடு வருவதை ஒப்புவிக்கும் பிள்ளையும் கவனிப்பதில்லை. ஒப்புவிக்கச் செய்யும் பெற்றோரும் கவனிப்பதில்லை. யாத்திராகமத்தில் காரணம் படைப்பு: இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமத்தில் காரணம் அடிமை வாழ்வு: எகிப்தில் அடிமையாயிருந்தவன் நீ, ஆகையால் இந்நாளை ஆசரிப்பாய் என்கிறது. மகனும் மகளும் வேலைக்காரனும் வேலைக்காரியும் எருதும் கழுதையும் ஊருக்குள் வந்து தங்கிய அந்நியனும் அன்று ஓய வேண்டும். எருதுக்கும் ஒரு நாள் என்று கேட்கும்போது மாட்டுப் பொங்கலை அறிந்த தமிழனுக்கு அது அயலாகத் தோன்றாது. அந்நியன் என்று கேட்கும்போது, வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து நம் தொழிற்சாலைகளில் உழைக்கும் இளைஞன் நம் நினைவுக்கு வர வேண்டும். ஒரு காலத்தில் இம்மண்ணில் அந்நியனாக நின்றவன் நம் பாட்டன்.

எகிப்தியக் கதையை இன்னும் சற்றுக் கூர்ந்து படித்தால் தோட்டத்து வாடையே வீசும். தங்கள் இறைவனை வழிபட மூன்று நாள் பயண விடுப்புக் கேட்டனர் எபிரேயர். சோம்பல் மிகுந்ததால் கேட்கிறார்கள் என்றான் பார்வோன். செங்கலுக்கு வேண்டிய வைக்கோலை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. பாலின் எடையைக் குறைக்காமல் வசதியைக் குறைத்த நிருவாகங்களைப் பற்றி நம் முதியோரிடம் கேட்டுப் பாருங்கள். பின்னர் பாலைவனத்தில் அம்மக்களுக்கு மன்னா என்னும் உணவு கிடைத்தது. ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு. ஏழாம் நாளில் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் சிலர் ஏழாம் நாள் கூடையோடு வெளியே சென்று வெறுங்கையோடு திரும்பினராம். நம்மவரோ ஏழாம் நாளில்தான் இரட்டைப் பங்கு என்று கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

“கிழமை எதுவாயிருந்தால் என்ன? எனக்குச் செவ்வாயன்று ஓய்வு கொடுக்கிறார்களே, போதாதா?” என்று கேட்பவர் பலர். கேள்வி நியாயமாகத் தோன்றும். அந்த ஓய்வு எந்த நாளில் என்பதைக் குறிக்கும் உரிமையைச் சட்டம் முதலாளிக்கே தந்துள்ளது. தந்தைக்குச் செவ்வாய், தாய்க்கு வியாழன், பிள்ளைகளுக்கு ஞாயிறு என்று அமைந்தால் மூவரும் ஓய்வு பெறுகின்றனர். குடும்பம் ஓய்வு பெறுவதில்லை. நான் சொல்ல வந்ததன் உயிர்நிலை இதுதான். ஓய்வுநாள் என்பது தனியொருவன் உடலை நீட்டிப் படுக்கும் நாளன்று. ஒரு கூரையின் கீழ் வாழ்வோர் ஒருங்கே வேலையை நிறுத்தும் நாள்.

இதனைச் சோதித்துப் பார்த்த நாடும் உண்டு. சோவியத் நாட்டில் 1929-இல் ஏழு நாள் வாரத்தைக் கலைத்தனர். எந்திரங்கள் ஒரு நாளும் நிற்கலாகாது என்பதற்காகத் தொழிலாளரை ஐந்து பிரிவுகளாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம் வைத்து, நான்கு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று சுழற்றினர். கணக்குப்படி பார்த்தால் முன்னைவிட ஓய்வு மிகுதி. ஆயினும் கணவனுக்கு ஒரு நிறமும் மனைவிக்கு வேறு நிறமும் வாய்த்த வீடுகளில் அந்த ஓய்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மக்கள் முணுமுணுத்தனர். ஞாயிற்றுத் தொழுகையின் வேரை அறுப்பதும் அத்திட்டத்தின் ஒரு நோக்கம். 1931-இல் அதனைத் திருத்தினர். 1940-இல் ஞாயிறே மீண்டும் வந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஜொகூர் மாநிலத்தில் 2014 முதல் 2024 வரை வெள்ளியும் சனியும் வார ஓய்வாக இருந்தன. பள்ளிகள் அவ்வாறே மூடின. தனியார் நிறுவனங்கள் பலவும் சனி, ஞாயிறு என்ற வழக்கத்தை விடவில்லை. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக அமைந்தது சனி ஒன்றே. 2025 சனவரி முதல் நாளிலிருந்து அங்கும் சனி, ஞாயிறு திரும்பிவிட்டது. நான் எந்தக் கிழமைக்கும் வழக்காடவில்லை. கெடாவிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளியைப் போற்றுவோரை மதிக்கிறேன். ஏழாம் நாள் சனியே என்று உறுதியாக நிற்கும் சபையினரிடமும் எனக்குப் பிணக்கில்லை. சிலாங்கூரில் நம் பிள்ளைகளின் பள்ளி ஞாயிறன்று மூடியிருக்கிறது, ஆகவே ஞாயிறு.

இது கிறித்துவருக்கு மட்டும் உரிய செய்தி என்று இந்நூலைப் படிக்கும் நண்பர் எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை 1890 ஜூன் 10-ஆம் நாள் கிடைத்தது. அதற்காகப் போராடிய நாராயண் மேகாஜி லோகண்டே கிறித்துவர் அல்லர். ஞாயிறு கண்டோபா தெய்வத்தின் நாள் என்பதையும் ஒரு காரணமாக எடுத்துரைத்தவர். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். யூதர்தம் ஓய்வுநாள் வெள்ளி மாலை கதிரவன் மறையும் வேளையில் தொடங்குகிறது. அதனைத் தொடங்கி வைப்பவர் குருவல்லர்; இல்லத்துத் தலைவி. அவர் விளக்கேற்றுகிறார், தந்தை பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து வாழ்த்துகிறார், பிறகு எல்லாரும் ஒரே மேசையில் உண்கின்றனர். எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிக்கப்பட்ட பின்னும் அச்சமயம் அழியாமல் நின்றதற்கு இந்த வீட்டு விளக்கும் ஒரு காரணம். வெள்ளிக்கிழமை அந்தியில் குத்துவிளக்கேற்றிய நம் தாய்மார் இதைக் கேட்டால் வியப்படைவார்களா?

வீட்டுத் தலைவியைப் பற்றிப் பேசும்போது ஒரு வழக்கையும் தீர்த்துவிட வேண்டும். ஓய்வுநாள் கட்டளையின் பட்டியலில் எருதும் கழுதையும் உண்டு. மனைவி என்ற சொல் இல்லை. உரைகாரர் ஏதேனும் அமைதி கூறட்டும். நம் வீடுகளில் அந்தச் சொல் இல்லாத குறை ஞாயிறுதோறும் நன்றாகத் தெரிகிறது. மற்ற நாள்களில் இரண்டு கறி. ஞாயிறென்றால் ஆட்டிறைச்சிக் குழம்பும் வறுவலும் இரசமும் விருந்தினரும். வாரத்துத் துணியெல்லாம் அன்றுதான் துவைக்கப்படும். ஆண்கள் ஓய்வைப் பற்றி நாற்காலியில் சாய்ந்து பேசுவர். உள்ளே அம்மி ஓய்வதில்லை. அம்மி போய் அரைவை எந்திரம் வந்தாலும் நிலை அதுவே. யூதப் பெண்டிர் வெள்ளி மாலைக்கு முன்பே சமையலை முடித்துவிடுவர். சனிக்கிழமை இரவே குழம்பு வைத்துவிட்டால் நம் குலப்பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. அதை ஆண்மகன் வைத்தாலும் குறையாது.

வறுமையைச் சொல்லி என்னை மறுப்போருக்கு நான் கடுமையாக விடை கூற மாட்டேன். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று உயர்த்தப்பட்டது. வீட்டுக் கடனும் வாகனக் கடனும் கட்டி, மூன்று பிள்ளைகளை அத்தொகையில் வளர்த்துப் பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். அவர்களை நோக்கி ஞாயிறு வேலையை விடுங்கள் என்று உபதேசம் செய்பவன் கல்நெஞ்சன். ஆறு நாள் உழைத்தும் ஏழாம் நாளை விற்றாலன்றி உண்ண முடியவில்லையென்றால், கேட்க வேண்டிய கேள்வி ஆறு நாள் கூலியைப் பற்றியது. அதனைத் தொழிற்சங்கமும் கேட்கவேண்டும். பிரசங்க மேடையும் கேட்கவேண்டும். என் கடிந்துரை வேறு சிலருக்கு. கடன் முடிந்த பின்னும், பெரிய தொலைக்காட்சிக்காகவும் அடுத்த வீட்டுக்காரன் வாங்கிய வண்டிக்காகவும் ஞாயிற்றை அடகு வைப்போர் இருக்கின்றனரே, அவர்களுக்கு.

நிற்கவே முடியாத வேலைகளும் உண்டு. மருத்துவமனை ஞாயிறன்று மூடாது. ரவாங் சிமெண்டுத் தொழிற்சாலையின் சூளையை வாரந்தோறும் அணைத்து மூட்ட இயலாது. இவ்வூர் நெடுநாளாகவே எந்திரத்தோடு வாழ்ந்த ஊர். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்குள்ள ஈயச் சுரங்கத்தில் மின்விசையால் நீரிறைத்தனர். மலாயாவில் மின்சாரம் தொழிலுக்குப் பயன்பட்ட தொடக்கம் அது. சூளைக்குக் காவல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பேரங்காடியில் ஞாயிறு இரவு பத்து மணிக்குச் செருப்பு விற்பது எந்த உயிரைக் காக்கிறது?

தேவாலயத்தாரும் இவ்வழக்கிலிருந்து தப்ப முடியாது. காலை ஆராதனை, பின்னர் ஞாயிறு பள்ளி, பின்னர் பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், கட்டட நிதிக்குழு. வீடு திரும்பும்போது அந்தி மங்கியிருக்கும். இறைவன் பெயரால் ஒரு பெரட்டு! தந்தை வேதம் வாசிக்க, பிள்ளைகள் பாட, பாட்டி தன் பழைய ஞானப்பாட்டைத் தடுமாறிச் சொல்லிக் கொடுக்கும் குடும்பச் செபம் பல வீடுகளில் அற்றுவிட்டது. அதோடு தமிழும் போகிறது என்பதைத் தமிழாசிரியர் உணர வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் பலருக்கு வேதத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் தவிர வேறு தமிழ்ப் புத்தகம் வீட்டில் இல்லை.

இனி நம்மைப் பற்றி. 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யூ.பி.எஸ்.ஆர். கைவிடப்பட்டது, 2022-இல் பி.டி.3 கைவிடப்பட்டது. தேர்வுகள் போயின, ஞாயிறு வகுப்புகள் போகவில்லை. இலக்கிய விழாவா, நூல் வெளியீடா, பயிலரங்கா, அதற்கும் ஞாயிறே. மண்டபம் அன்றுதான் நிறையும் என்கிறோம். குடும்பத்தைப் போற்றிக் கவிதை பாட, குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு காலையில் என் வீட்டு முன்கூடத்தில் வகுப்பு நடத்தியவன் நான். ஒரு நாள் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நான்கே வரிகள் எழுதினான். அப்பா வீட்டில் இருந்தால் தூங்குவார், தூங்கவில்லையென்றால் வேலையில் இருப்பார், நான் சார் வீட்டில் இருப்பேன் என்பது அதன் சாரம். ‘தூங்குவார்’ என்பதில் அவன் விட்டிருந்த எழுத்தைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். இரவில்தான் அந்த வரிகள் என்னைச் சுட்டன.

அடுத்த மாதம் வகுப்பைச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றினேன். பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் வந்தனர். மற்ற நால்வரையும் பெற்றோர் ஞாயிறு வகுப்பு நடக்கும் வேறிடத்தில் சேர்த்துவிட்டனர். அந்த நான்கு வரிகளை எழுதியவன் நால்வரில் ஒருவன்.