குருதியில் ஊறுவதோ உளித்திறம்?

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் இராசகிரியினின்று இறங்குமுன் ஒரு பாராட்டை உதிர்த்தே செல்வர்: "அக்காலக் கல்தச்சர்க்குக் கலை குருதியிலேயே ஊறியிருந்தது!" கேட்பதற்கினிய இச்சொல்லினும் கொடிய இழிவுரை அவ்வுழைப்பாளர்க்கு வேறில்லை.

கல்லைத் தட்டி, எழும் ஓசைகொண்டே உள்வெடிப்பை உணர்வது செவியின் பழக்கம். மழுங்கிய உளியை உலையிலிட்டு அடித்து, பதமறிந்து நீரில் தோய்த்துக் கூராக்குவது, பன்னூறு உளிகளைப் பாழாக்கிய பின்னரே கைவரும் திறம். தூக்குக்குண்டை நம்பி மதில் எழுப்புவது கண்ணின் பயிற்சி. கலியாண மகாலின் மேல்தளத்திற்குச் சுடுமண் குழாய்வழி நீரேற்றினரே, அக்குழாயின் பொருத்துவாய் ஒன்று கசிந்தாலும் நீர் ஏறுமோ? கசிந்தது ஏன் என்று மூத்தோனைத் தன் மொழியிலேயே வினவி, தன் மொழியிலேயே விடைபெற்றுத் தேறியவனே தொழிலாளி. பிறந்த குடில் அவனுக்கு உளியைக் காட்டியிருக்கலாம். உளியைப் பிடித்த கை அவனுடையது.

(இக்கோட்டை 2025-இல் 'மராட்டியப் படைக்களங்கள்' என்னும் பெயரின்கீழ் உலக மரபுப் பட்டியலேறியது. மராட்டியர் இதனைக் கையிற் கொண்டிருந்ததோ 1677 முதல் 1698 வரை. ஆண்டவனுக்குப் பெயர் கிடைக்கிறது. அடுக்கியவனுக்கு 'ஊறிய குருதி' கிடைக்கிறது!)

பிறப்பே திறம் என்னும் இப்பொய் வெறும் வாய்ப்பேச்சாய் நின்றதில்லை. 1953-இல் இராசாசி ஆட்சி, சிற்றூர்ப் பிள்ளைகட்குப் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாய்க் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. தமிழகம் கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் ஒழிந்தது.

ஒழிந்ததென்று எண்ணியிருக்க, 2023-இல் நடுவணரசு 'விசுவகருமா' என்னும் பெயரில் மீண்டும் வந்தது. கல்தச்சு, கல்லுடைப்பு உள்ளிட்ட 18 தொழில்கள். 'குடும்பவழித் தொழில்' என்னும் வரையறை. தொடக்க அகவை 18. கல்லூரி வாயிலை மிதிக்க வேண்டிய அகவையிலே அப்பன் தொழிலுக்கு ஆளெடுப்பு! குடும்பத் தடையை நீக்கி, அகவையை 35 ஆக்குக என 2024-இல் தமிழக அரசு கேட்டதும், அவ்வடிவில் திட்டத்தை ஏற்க மறுத்ததும் நேரிய செயல்களே.

மரபுக்கலை அழிந்துவிடுமே எனச் சிலர் கண்ணீர் வடிப்பர். கலையைக் காக்க விரும்புவோர் பட்டறையின் கதவைத் திறக்கட்டும். உழவன் மகளும் துப்புரவாளர் மகனும் அங்கு நுழையட்டும். தம் பிள்ளைகளை மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் அனுப்பிவிட்டுப் பிறர் பிள்ளை கையில் உளியைத் திணிப்போர்க்கு மரபைப் பற்றிப் பேச வாயேது?

செஞ்சி மதிலிற் பெயர்ந்த கற்களை மீண்டும் அடுக்க ஆள் வேண்டும். அவ்வேலைக்கு வரும் இளைஞனின் தந்தை பெயரைக் கேட்குமுன், அவன் கையில் ஓர் உளியைக் கொடுத்து, பழக ஐந்தாண்டும் கூலியும், கற்பிக்கத் தமிழறிந்த ஆசானும் தருக!