காகிதச் சுழலி

மருந்து கொடுப்பதற்கு முன் நோய் இன்னதென அறிதல் வேண்டும். காய்ச்சல் பல நோய்களுக்கும் பொதுவான குறி. அது மலேரியாவா, வேறொன்றா என்பதை இரத்தத்தைச் சோதித்தே துணிதல் இயலும். சோதனை காலந்தாழ்ப்பின் உயிருக்கே கேடு நேரலாம். ஆதலின், சோதனைக் கருவி நோயாளி வாழும் இடத்திற்கே செல்லுதல் இன்றியமையாதது.

இரத்தத்தின் கூறுகளைப் பிரிக்க உதவுவது மையவிலக்குப் பொறி. அது விரைந்து சுழலுங்கால் கனமான செவ்வணுக்கள் ஒரு புறம் ஒதுங்கும். தெளிந்த இரத்த நீர் தனியே நிற்கும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்னும் இந்திய அறிஞர், உகாண்டா நாட்டின் மருத்துவ நிலையம் ஒன்றில் இப்பொறி கதவுக்கு முட்டாகக் கிடக்கக் கண்டார். அதனை இயக்க அங்கே மின்சாரம் இல்லை!

மின்சாரம் வேண்டாத பொறி ஒன்றை ஆக்க அவரும் துணைவரும் முனைந்தனர். முதலில் யோ-யோவை ஆராய்ந்தனர். அதன் வேகம் போதவில்லை. பின்னர், பொத்தானின் துளைகளில் நூல் கோத்து, முறுக்கி இழுத்துச் சுழற்றும் சிறுவர் விளையாட்டை நாடினர். அதன் இயக்கத்தை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்து, கணித முறையில் ஆராய்ந்து, மேலும் மேலும் திருத்தினர். 2017ஆம் ஆண்டில் அவர்கள் வெளிப்படுத்திய காகிதச் சுழலியின் எடை 2 கிராமே. அதனைச் செய்ய அன்று ஆன செலவு 20 அமெரிக்க சென்ட். கையால் இழுக்க, அது நிமிடத்திற்கு 1,25,000 சுற்று வரை சுழல வல்லது. ஒன்றரை நிமிடத்தில் இரத்த நீரைப் பிரிக்கும். 15 நிமிடத்தில் மலேரியாக் கிருமிகளையும் பிரித்துத் தரும். அவற்றை நுண்ணோக்கியால் கண்டு நோயை உறுதி செய்யலாம்.

"விளையாட்டுப் பொருளை நம்பி நோயைத் துணிவதா?" எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா தக்கதே. பிழையான விடை தரும் கருவி, கருவி இல்லாமையினும் தீயது. நோயுற்றவனை நலமுடையவன் என்று அது கூறுமாயின், அவன் மருந்தின்றி மடிவான். எனவே, எளிய கருவியையும் பெரும்பொறியைச் சோதிக்கும் அதே கண்டிப்புடன் பலகாலும் சோதித்தல் வேண்டும். ஏழைக்கு உரியதாயின் குறையுடையது போதும் என எண்ணுதல் அறமன்று.

ஆயினும், நுட்பம் மிகுந்த பொறி கதவுக்கு முட்டாகக் கிடப்பின் அதனால் எவர்க்குப் பயன்? ஒரு கருவியின் சிறப்பை அதன் விலையால் அளத்தல் கூடாது. எளியவன் குடிசையிலும் அது பிழையின்றித் தொழிற்படுகின்றதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். அறிவியல் கற்கும் இளைஞர் இதனை உளங்கொள்வாராக.