குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?

மருத்துவமனைக்கு வரும் எவரும் தப்ப முடியாத கேள்வி ஒன்று உண்டு: “இந்த நோய் உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருக்கிறதா?” பெரும்பாலோர் சற்றே யோசித்து, பாட்டியின் சர்க்கரை நோயையோ சித்தப்பாவின் மாரடைப்பையோ சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தத்தெடுத்த பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, அச்செய்தியை அப்பிள்ளைக்கே இதுவரை சொல்லாதிருக்கும் பெற்றோருக்கு மட்டும் இது கடினமான கேள்வி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2016 முதல் 2022 வரை ஒளிபரப்பான ‘திஸ் இஸ் அஸ்’ என்னும் குடும்பத் தொடரைப் பார்த்தபோது, அதன் கண்ணீர்க் காட்சிகளைவிட இந்தக் கேள்வியே என் மனத்தில் மேலெழுந்து நின்றது.

கதை ஒரு மகப்பேறு மருத்துவமனையில்தான் தொடங்குகிறது. பிட்ஸ்பர்க் நகரின் ஜாக், ரெபேக்கா தம்பதிக்கு ஒரே பேற்றில் மூன்று குழந்தைகள். மூன்றாவது குழந்தை உயிருடன் பிறக்கவில்லை. அதே நாளில், தீயணைப்பு நிலைய வாசலில் யாரோ விட்டுச் சென்ற ஒரு கறுப்பினக் குழந்தை அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறது. அக்குழந்தையையும் தம் பிள்ளையாக்கிக்கொண்டு மூவருடன் வீடு திரும்புகிறார்கள். அவன்தான் ராண்டல். தன் 36ஆம் பிறந்த நாளில், தன்னைப் பெற்ற தந்தை வில்லியமின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவைத் திறப்பவருக்கு முற்றிய இரைப்பைப் புற்றுநோய்.

ராண்டல் தத்துப்பிள்ளை என்பதை அக்குடும்பத்தால் மறைத்திருக்க முடியாது. தோலின் நிறமே சொல்லிவிடும். மறைக்கப்பட்டது வேறொன்று. வில்லியம் யார் என்பது ரெபேக்காவுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவள் அதைச் சொல்லவில்லை. பிறகு சொல்லாமல் விட்ட ஆண்டுகளே சொல்வதற்குத் தடையாகிவிட்டன. தொடர் அவளைக் கொடியவளாகக் காட்டவில்லை. நானும் அவ்வாறு கருதவில்லை. ஆயினும் அவளுடைய அச்சத்திற்கான விலையைக் கொடுத்தவன் ராண்டல். தந்தையோடு வாழ அவனுக்குக் கிடைத்தவை சில மாதங்களே.

இன்னொன்றும் உண்டு. பெற்ற தாய் தன் பிறப்பின்போதே இறந்துவிட்டாள் என்று ராண்டல் நெடுங்காலம் நம்பியிருக்கிறான். அவள் பிழைத்து வாழ்ந்து, 2015இல்தான் மார்பகப் புற்றுநோயால் இறந்தாள் என்பது ஐந்தாம் பருவத்தில் தெரியவருகிறது. கதை இதை ஒரு மகனின் ஏக்கமாகச் சொல்கிறது. மருத்துவமனை வாசிகளாகிய நமக்கோ உடனே வேறொரு எண்ணம் எழும். மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் சில மரபணு மாற்றங்கள் தந்தை வழியாகவும் மகளுக்கு வரக்கூடும். ராண்டலுக்குப் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். தாய்க்கு இந்நோய் எந்த வயதில் வந்தது, தந்தைக்கு இரைப்பைப் புற்றுநோய் எப்போது கண்டறியப்பட்டது என்பவை அவனுடைய மருத்துவருக்குப் பயன்படும் செய்திகள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் நிறம் காட்டிக்கொடுப்பதில்லை. அக்காள் பிள்ளையையோ தம்பி பிள்ளையையோ எடுத்து வளர்க்கும்போது முகச்சாயலும்கூடத் துணை செய்கிறது. ஆகவே தத்து என்பதையே மறைத்துவிட முடிகிறது. ஊர் முழுக்க அறிந்த செய்தியைப் பிள்ளை மட்டும் அறியாதிருப்பதும் உண்டு. ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு முகச்சாயல் தெரியாது. பெற்றவருள் ஒருவர் ஏபி வகையினராயிருக்க, பிள்ளை ஓ வகையாகப் பிறப்பது மிக மிக அரிது. சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ தர ஒரு தாய் முன்வரும்போது செய்யப்படும் திசுப் பொருத்தப் பரிசோதனையில், பெற்ற பிள்ளையானால் ஏறத்தாழப் பாதி அடையாளங்கள் ஒத்திருக்கும். ஒத்திராவிட்டால், இருபது ஆண்டு காத்த இரகசியம் ஒரு தாளில் வெளிவந்துவிடும். உடல் நலிந்து, அச்சத்தில் படுத்திருக்கும் பிள்ளை தன் பிறப்பைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு அதைவிடத் தகாத நேரம் வேறில்லை.

அதனால்தான், பிள்ளை சிறு வயதாயிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்கிறேன். ஒரு நாள் அருகழைத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்வதன்று. பேச்சுப் பழகும் பருவத்திலிருந்தே, “உன்னைத் தேடிப் போய் எடுத்து வந்தோம்” என்பது வீட்டுக் கதைகளுள் ஒன்றாக இருந்துவிட்டால், அது வெடிக்கும் செய்தியாக என்றும் மாறாது.

“சொன்னால் விலகிப் போய்விடுவானே” என்ற கலக்கம் இயல்பானது. ராண்டலும் உண்மை அறிந்தபோது கடுஞ்சினம் கொள்கிறான். தாயோடு சில காலம் பேசவும் மனமில்லை. ஆனால் பின்னாளில் அதே ரெபேக்காவுக்கு மறதிநோய் வரும்போது, அவளை மருத்துவ ஆய்வொன்றில் சேர்க்கவேண்டும் என்று மூவரிலும் மிகுதியாக, சற்று வரம்பு மீறியே, போராடுகிறவன் அவன்தான். அவளோடு குருதித் தொடர்பு உடையவர்கள் மற்ற இருவரும். நம் வார்டுகளில் இரவெல்லாம் விழித்திருப்போரைப் பார்த்திருப்பவர்களுக்கு இது வியப்பாயிராது.

இதே தொடரில் டேஜா என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி வளர்ப்புப் பராமரிப்புக்காக ராண்டலின் வீட்டுக்கு வருகிறாள். அம்முறையின் முதல் நோக்கம் குழந்தையைப் பெற்றவரிடமே திரும்பச் சேர்ப்பது. அவளும் தாயிடம் திரும்பிச் செல்கிறாள். அது நிலைக்காமற் போன பிறகே தத்தெடுக்கப்படுகிறாள். தாயின் மேல் அவள் வைத்த அன்பை ராண்டல் தம்பதியர் போட்டியாகக் கருதுவதில்லை. தொடரின் மிகைகளை எல்லாம் இந்த ஒரு பகுதிக்காக மன்னிக்கலாம்.

மருத்துவமனைப் பணியாளர்களும் சற்று மாற வேண்டும். பிள்ளையின் முன்பாக “சொந்தப் பிள்ளையா, வளர்ப்பா?” என்று கேட்பது முறையன்று, வளர்த்த பிள்ளை சொந்தமில்லை என்று அக்கேள்வியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பெற்றோரைத் தனியே அழைத்து, “பிறப்பு வழி மருத்துவச் செய்தி ஏதேனும் தெரியுமா?” என்று கேட்டால் போதும். நோயாளி வளர்ந்தவராயின் அவரையே கேட்கலாம்.

சட்டப்படி தத்தெடுத்தவர்களிடம், எடுக்கும்போது தரப்பட்ட குழந்தையின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் குழந்தை பற்றிய விவர அறிக்கையும் இருக்கும். பீரோவின் அடியில் கிடக்கும் அவற்றின் படியை மருத்துவக் கோப்பில் சேர்த்து வையுங்கள். 18 வயது நிறைந்த தத்துப்பிள்ளை தன் வேர்களைத் தேடி விண்ணப்பிக்க நம் நாட்டு விதிகளும் இடமளிக்கின்றன.

எதுவுமே தெரியாதவர்கள், தம் குடும்பத்தின் நோய்களைப் பிள்ளையின் பெயரில் எழுதிவிட வேண்டாம். அது மருத்துவரைத் திசை திருப்பும். படிவத்தில் “தெரியாது” என்று எழுதுங்கள். மருத்துவருக்கு அதுவும் ஒரு விடைதான்.