மருந்து சுரக்கும் கான்டாக்ட் லென்ஸ்: அரிப்புக்கு வந்தாச்சு... கண் அழுத்த நோய்க்கு எப்போ?

கண்ணில் சொட்டு மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். கவனித்திருக்கிறீர்களா? கண்ணீர்க் குழாய் வழியாக மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கிவிடுவதுதான் காரணம். கண்ணின் மேல் தங்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்; பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். பாதி கன்னத்தில் வழிந்துவிடும். கண்ணுக்குள் சேருவது 5 சதவீதத்துக்கும் குறைவு.

மருந்தை லென்ஸிலேயே ஏற்றிவிட்டால் அது மெதுவாகச் சுரந்து, நின்று வேலை செய்யும். மென்மையான லென்ஸை உருவாக்கிய செக் விஞ்ஞானி ஓட்டோ விக்தெர்லே 1960-களிலேயே இதை யோசித்துவிட்டார். ஆனால், சாதாரண லென்ஸை மருந்தில் ஊறவைத்தால் சில மணி நேரத்தில் எல்லாம் வெளியேறிவிடும்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இப்படியொரு லென்ஸுக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது 2022-ல்தான். ஜான்சன் அண்ட் ஜான்சனின் 'அக்யூவ்யூ தெராவிஷன்'. ஒவ்வொன்றிலும் 19 மைக்ரோகிராம் கீட்டோடிஃபென். ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பைத் தடுக்கும். ஒருநாள் போட்டுவிட்டுத் தூக்கி எறிய வேண்டும்.

அரிப்பு தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனா, அதனால் யாருக்கும் பார்வை போவதில்லையே! க்ளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் அப்படியல்ல. பெரும்பாலும் வலியே இருக்காது. போன பார்வை திரும்பாது. ஆயுசு முழுக்க தினமும் சொட்டு விட வேண்டும், பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். லென்ஸ் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். லட்டானோபிராஸ்ட் மருந்து ஏற்றிய லென்ஸை ஹார்வர்டு ஆய்வாளர்கள் குரங்குகளுக்குப் பொருத்தி, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கண் அழுத்தம் சொட்டு மருந்துக்கு இணையாகக் குறைந்தது. மருந்தின் அளவைக் கூட்டியபோது இன்னும் நன்றாகவே குறைந்தது.

அப்புறம் ஏன் அரிப்பு முந்திக்கொண்டது? லென்ஸ் போட்டுப் பழகிய இளம் வாடிக்கையாளர்கள் அங்கே தயாராக இருக்கிறார்கள். கண் அழுத்த நோயாளிகளில் பலர் முதியவர்கள். நடுங்கும் கையால் லென்ஸை யார் மாட்டுவது, யார் கழற்றுவது? ராத்திரியும் கழற்றாமல் விட்டால் கருவிழியில் தொற்று வரும் ஆபத்து வேறு. 1974-ல் 'ஆக்யுசர்ட்' என்று இமைக்கடியில் வைக்கும் வில்லை ஒன்று இந்த நோய்க்கே வந்தது. ஒரு வாரத்துக்கு மருந்து சுரக்கும். வேலை செய்தது, ஆனால் கண்ணிலிருந்து நழுவி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் சந்தையை விட்டே போய்விட்டது. மருந்து எத்தனை நாள் சுரக்கிறது என்று அளக்கும் ஆய்வகங்கள், ஒரு பாட்டியால் அதைத் தானே மாட்ட முடிகிறதா என்பதையும் அளக்க வேண்டும்.

அதுவரைக்கும் சொட்டு மருந்துதான். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் மெதுவாக அழுத்திக்கொள்ளுங்கள். தொண்டைக்குப் போகும் மருந்து குறையும்.