கைத்திறன் தொழிலாக வேண்டும்

தாராவியிலோ செம்பூரிலோ பொங்கல் விழா என்றால், பகலில் அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா மாலையில் மேடைக்குத் திரை கட்டுகிறார். வரவேற்புப் பலகை எழுதுகிறார். நாடகத்திற்கு ஒப்பனையும் செய்கிறார். அவர் மனைவி கோலமிடுகிறார், பூத்தொடுக்கிறார், நடனமாடும் குழந்தைகளுக்கு உடை தைக்கிறார். விழா முடிந்ததும் கிடைப்பது ஒரு சால்வை. சால்வையைக் கொடுத்து வாடகை கட்ட முடியாது.

திறமைக்குக் குறைவில்லை. இந்த மாதம் தையல், அடுத்த மாதம் கூடை, அதற்கடுத்து ஊறுகாய் என்று மனம் தாவுவதுதான் குறை. பத்தும் தெரிந்தவர் முதலில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். எதை? தமக்கு மிகவும் பிடித்ததை அல்ல. ஒரு முறை வாங்கியவர் மறுமுறையும் தேடி வந்து கேட்பதை.

இதே மும்பையில், கிர்காவில், 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியதுதான் லிஜ்ஜத். சமையற்கட்டில் அவர்களுக்குப் பல பக்குவம் தெரிந்திருக்கும். விற்பனைக்கு எடுத்துக்கொண்டது அப்பளத்தைத்தான். முதல் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் வேலை நின்றது. மறு ஆண்டு கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். மலிவாக விற்க மட்டரகம் ஒன்றும் தயாரித்தார்கள். வழிகாட்டிய சகன்லால் பாரேக் அதை நிறுத்தச் சொன்னார். கணக்கை ஒழுங்காக எழுதவும் வற்புறுத்தினார். மசாலாவும் பிறவும் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்தே வந்தன. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது.

கணக்கு என்றதும் பலர் துணி விலையையும் நூல் விலையையும் மட்டும் கூட்டுகிறார்கள். தைத்த நான்கு மணி நேரத்துக்குக் கூலி எங்கே? மின்சாரம் எங்கே? உடல் உழைப்பைச் செலவில் சேர்க்காதவர் லாபம் என்று எண்ணுவது பெரும்பாலும் தம் சொந்தக் கூலியையே.

அரசு ஊழியர்கள் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றி வியாபாரம் செய்யக் கூடாது. அலுவலுக்கு இடையூறின்றி எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிக்குத் தடையில்லை. மனைவி தொழில் நடத்தினால் அதை அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிந்து தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களிடம் ஏமாற வேண்டியதில்லை.

இதில் சங்கங்களுக்கும் பங்குண்டு. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பேரம் பேசாமல் பணம் எண்ணிக் கொடுப்பவர்கள், பலகை எழுதியவரிடம் மட்டும் "நம்ம ஆள்தானே" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் கடை திறக்கும் முன்பே மூடியவர்கள் உண்டு. வருகிற பொங்கலுக்கு வரவு செலவுத் திட்டம் போடும்போது, பலகை எழுதுபவருக்கும் உடை தைப்பவருக்கும் ஒரு தொகையை எழுதி, சால்வைக்கு முன்னால் அதைக் கையில் கொடுக்கட்டும்.