கம்பி கட்டுவதும் கல்வியே

மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனைக்குள் நுழைவோர் அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த அம்மாளிகையின் மாடம் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. அதனைத் தாங்க இரும்பு உத்திரமும் இல்லை, மர உத்திரமும் இல்லை; வளைவின் வடிவமே பளுவைத் தூண்களுக்குக் கடத்திவிடுகிறது. அதே நகரின் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அங்கு நாள்தோறும் படிக்கச் செல்லும் மாணவர்களுள் எத்தனை பேர் தலைக்கு மேலுள்ள தளத்தை நோக்கியிருப்பர்? தட்டையான தளத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றே தோன்றும். அத்தளத்தைத் தாங்கும் இரும்பு கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கிறது. அவ்விரும்பைக் கட்டியவரும் அதனோடு மறைந்துபோனார்.

“படிக்காவிட்டால் கம்பி கட்டத்தான் போகவேண்டும்” என்று வீடுகளிலும், சொல்ல வருந்துகிறேன், வகுப்பறைகளிலும் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். அவ்வகுப்பிலேயே கம்பி கட்டுபவரின் மகளும் அமர்ந்திருக்கக்கூடும். அவள் மனம் புண்படும் என்பது ஒருபுறம் இருக்க, இவ்வெச்சரிக்கை நம் வீடுகளுக்கே ஆபத்தானது என்பது என் கருத்து.

இரும்பு ஏன்?

கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உத்திரத்தின் மீது பளு ஏறும்போது மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இழுபடும் இடத்தில் இரும்பை வைத்துவிட்டால் அப்பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளும். பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே, சிமெண்டுப் பூந்தொட்டிகள் உடையாதிருக்க அவற்றுள் இரும்புக் கம்பிவலையை வைத்து, 1867இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இயற்கையும் இதற்கு உதவியது. வெப்பத்தில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன. அவ்வாறு இல்லையெனில் மதுரையின் கத்திரி வெயில் அவ்விரண்டையும் என்றோ பிரித்திருக்கும்.

கைக்குள் இருக்கும் கணக்கு

இவ்வறிவியலை நூலில் கற்றவர் பொறியாளர். அதனை உருவாக்கி நிறுத்துபவர் கம்பி கட்டுநர். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, இருமடியாக்கி, 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.89 கிலோ. பள்ளியைப் பாதியில் விட்ட மேஸ்திரி இக்கணக்கை மனத்திலேயே போடுவார். அந்த 162 எங்கிருந்து வந்தது? எஃகின் அடர்த்தி, வட்டத்தின் பரப்பு ஆகிய இரண்டும் தெரிந்த நீங்களே அதனை வருவித்துப் பார்க்கலாம்.

இதனினும் நுட்பமானது, கம்பி இருக்கவேண்டிய இடம். இரு சுவர்களின் மீது கிடக்கும் தளத்தின் நடுவில் முதன்மைக் கம்பி அடிப்புறமாக அமையவேண்டும். சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனியிலோ அது மேற்புறமாக அமையவேண்டும். ஏனெனில் அங்கு இழுபடுவது மேற்பகுதி. கான்கிரீட் போடும் நாளில் சட்டி சுமப்போர் அக்கம்பிகளின் மீதுதான் நடப்பர். மிதிபட்ட கம்பி இரண்டங்குலம் கீழிறங்கிவிட்டால், முட்டுப் பிரிக்கும் நாளிலேயே பால்கனி விழக்கூடும். பத்தாண்டு நின்றுவிட்டு, வீட்டில் ஒரு திருமணத்துக்குக் கூட்டம் கூடிய வேளையில் விழவும் கூடும். ஆகவே நல்ல கம்பி கட்டுநர் அன்று இடத்தைவிட்டு அகலமாட்டார். கொக்கியும் கையுமாக நின்று, இறங்கிய கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பார். அவ்வாறு நிற்பதற்கெனத் தனிக்கூலி பல இடங்களில் இல்லை.

தூணின் நீள்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை ‘ரிங்’ என்பர். நிலநடுக்கத்தைத் தாங்கவேண்டிய கட்டடங்களில் அதன் நுனிகளை 135 பாகை வளைத்து உட்புறம் திருப்பவேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. 90 பாகையோடு நிறுத்திவிட்டால், நடுக்கத்தின்போது வளையம் வாய்திறக்கும். நீள்கம்பிகள் வெளியே பிதுங்கும். 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில் சிதைந்த தூண்களில் இக்குறை காணப்பட்டது. இங்குதான் நம் கூலிமுறையை எண்ணிப் பார்க்கவேண்டும். கம்பி வேலைக்குப் பெரும்பாலும் எடைக்கணக்கில் அல்லது சதுர அடிக்கணக்கில் கூலி தருகிறோம். நுனியை மேலும் 45 பாகை வளைப்பதால் எடை கூடுவதில்லை, நேரமே கூடுகிறது. விரைந்து முடிப்பவர் மிகுதியாகப் பெறுகிறார். சரியாக வளைப்பவர் குறைவாகப் பெறுகிறார். தொழிலை இழிவாக எண்ணும் சமூகம் அத்தொழிலின் நேர்த்திக்கு விலை தராது. அதன் விளைவை நம் தூண்கள் சுமக்கின்றன.

மதிப்பிடுதல்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டுமானப் பணிக்குச் செல்வோர் அந்நாட்டின் திறன் தேர்வில் தேறவேண்டும். கம்பி கட்டுதல் அத்தேர்வின் பிரிவுகளுள் ஒன்று. ஓர் இளைஞர் அயல்நாட்டுக் கட்டடத்தில் கம்பி கட்ட நுழையும்போது தேர்வு உண்டு; தன் ஊரில் பள்ளிக்கூடம் கட்ட நுழையும்போது இல்லை. அமெரிக்காவில் இரும்புத் தொழிலாளர் கூலி பெற்றுக்கொண்டே மூன்று, நான்கு ஆண்டுகள் பயிற்சி பெறுகின்றனர்.

சான்றிதழ் கேட்டால் எழுதப்படிக்கத் தெரியாத மூத்த தொழிலாளர் பிழைப்பை இழப்பரே என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி அது. அதனால்தான் தேர்வு தாளில் அன்றி, பணியிடத்தில் கம்பியைக் கொண்டே நடைபெறவேண்டும் என்கிறேன். தேறியவருக்குக் கூலி உயரவேண்டும். உயராத சான்றிதழ் வெறும் அட்டை. நடத்துவதற்கு அமைப்பும் இல்லாமலில்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம் 1994ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. 1996ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டங்கள் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்கெனப் பெற வழிசெய்தன.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2021 ஆகஸ்டு 28 அன்று, நத்தம் சாலையில் கட்டப்பட்டுவந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி சரிந்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பாலத்தின் வழியே இன்று நாம் விரைந்து செல்கிறோம். சிறு பணியிடங்களின் இடர்களோ செய்தியாவதில்லை. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கிடக்கும் கம்பியை வெறுங்கையால் தொட இயலாது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு வளைப்போர் பலர். தூணின் தலையில் நீட்டிநிற்கும் கம்பி நுனிகள், மேலிருந்து தவறி விழுபவரின் உடலில் பாயும். நுனிக்கொரு மூடி, கைக்கொரு உறை, தலைக்கொரு கவசம் என்று கணக்கிட்டால், வாசற்கதவின் வேலைப்பாட்டுக்கு நாம் செலவிடும் தொகையைக்கூட அது எட்டாது.

கான்கிரீட் போடுமுன் கம்பிகளைப் பார்வையிட்டுப் பொறியாளர் கையொப்பமிடும் வழக்கம் பெரும்பணிகளில் உண்டு. அக்கையொப்பத்தின் கீழே, கம்பிகளைக் கட்டிய மேஸ்திரியின் பெயருக்கும் ஒரு வரி வேண்டும். சிறு வீடு கட்டுவோரும் அன்று சில ஒளிப்படங்கள் எடுத்து, அப்பெயரையும் எழுதி, வீட்டு வரைபடத்தோடு சேர்த்து வைக்கலாம். முப்பதாண்டு கழித்து அடுத்த மாடி எழுப்ப நினைக்கையில், தூணுக்குள் எத்தனை கம்பிகள் உள்ளன என்று அறியச் சுத்தியலால் உடைத்துப் பார்க்க நேராது.